விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும்: இந்தச் சுழற்சி எங்கே நிற்கிறது?

பூமகள்

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பொருளியல் எனக்குப் புதிய பாடம். வரைபடம் வரைவதில் சிரமம் இல்லை. வரைந்த கோடுகளைச் சொற்களில் விளக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறேன். வீட்டில் அம்மாவுக்கு விளக்க முயன்றபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதை வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கொண்டோம். அளிப்பு, அதாவது விற்பனைக்கு வருவது, குறைந்தது, ஆகவே விலை ஏறியது. விலை ஏறினால் தேவை குறையும் என்பது தேவை விதி. தேவை குறைந்தால் விலை இறங்கும் என்றும் படித்திருக்கிறோம். "அப்படியென்றால் விலை இறங்கியதும் தேவை மறுபடியும் கூடும், கூடினால் விலை மறுபடியும் ஏறும், இது எங்கேதான் போய் நிற்கும்?" என்று அம்மா கேட்டார்.

இரண்டாவது ஐயம், சிங்கப்பூரில் கார் வைத்திருக்க அரசாங்க ஏலத்தில் வாங்க வேண்டிய, பத்தாண்டு செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழைப் பற்றியது. சில ஏலங்களில் சான்றிதழின் விலையும் ஏறியிருக்கிறது, விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. விலை ஏறும்போது வாங்க வருவோர் குறைய வேண்டாமா? தேவை விதி சிங்கப்பூர்க் கார்களுக்குப் பொருந்தாதா? இரண்டு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பொதுவான குழப்பம் அடியில் இருப்பதாகத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

பூமகள், உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி. பல மாணவர்கள் இதைக் கேட்காமலேயே இரண்டாண்டு படிப்பை முடித்துவிடுகிறார்கள். ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கும்படி உங்கள் வாக்கியங்களில் வந்திருப்பதால்தான் அந்தச் சுழற்சி தோன்றுகிறது.

பொருளியலில் தேவை என்பது ஓர் எண் அன்று. அது ஒரு முழு அட்டவணை. கிலோ ஆறு வெள்ளியாக இருந்தால் இவ்வளவு வாங்குவோம், எட்டு வெள்ளியாக இருந்தால் இவ்வளவு, பத்து வெள்ளியாக இருந்தால் இவ்வளவு என்று வாங்குவோர் அனைவரின் மனத்திலும் இருக்கும் கணக்கைக் கூட்டி வரைந்தால் கிடைப்பதுதான் தேவைக் கோடு. அந்த அட்டவணையில் ஒரு குறிப்பிட்ட விலைக்கு நேராக எழுதியிருக்கும் எண்ணைத் தேவைப்படும் அளவு என்கிறோம். விலை மாறினால் நாம் அட்டவணையில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் போகிறோம், அட்டவணை மாறுவதில்லை. வருமானம், விருப்பம், பதிலீட்டுப் பொருள்களின் (ஒன்றுக்குப் பதிலாக வாங்கக்கூடிய பொருள்களின்) விலை, வருங்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு, மக்கள்தொகை ஆகியவற்றில் ஏதேனும் மாறும்போதுதான் அட்டவணையே திருத்தி எழுதப்படுகிறது. அப்போது கோடு முழுவதும் இடம்பெயர்கிறது.

இப்போது கோழிக்கு வருவோம். தடை வந்ததும் மாறியது அளிப்புக் கோடு, அதாவது ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்பனைக்கு வரும் என்பதைக் காட்டும் கோடு. அது இடப்பக்கம் நகர்ந்தது. பழைய விலையில் வாங்க நினைத்தவர்கள் பலர், விற்பனைக்கு இருந்ததோ கொஞ்சம். இந்த இடைவெளிக்குப் பெயர் பற்றாக்குறை. அதுதான் விலையை மேலே தள்ளுகிறது. விலை மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் சிலர் விலகிக்கொள்கிறார்கள், அதாவது தேவைப்படும் அளவு சுருங்குகிறது. சுருங்கி, இருக்கும் கோழியின் அளவுக்குச் சமமானதும் விலையைத் தள்ளும் விசை தீர்ந்துவிடுகிறது. விலை அங்கேயே நிற்கிறது. ஆகவே வாங்கும் அளவு குறைந்தது விலையேற்றம் முடிந்த பிறகு தொடங்கும் புதிய நிகழ்ச்சி அன்று. விலையேற்றத்தை நிறுத்திய நிகழ்ச்சியே அதுதான். மறுபடி இறங்குவதற்குக் காரணம் எதுவும் எஞ்சியிருப்பதில்லை. "தேவை குறைந்தால் விலை இறங்கும்" என்ற வாக்கியம் கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்வதைப் பற்றியது. இங்கே அப்படி எதுவும் நகரவில்லை.

இதே நிகழ்ச்சியில் தேவைக் கோடு நகர்ந்த தருணமும் ஒன்று உண்டு. தடை 2022 மே 23ஆம் தேதி அறிவிக்கப்பட்டது, ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட நாள்களில் ஈரச்சந்தைகளில் கூட்டம் நெரித்தது நினைவிருக்கும். அப்போது கோழி வரத்து இன்னும் நிற்கவில்லை. இனிமேல் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும் என்ற எதிர்பார்ப்பே அதே விலையில் அதிகம் வாங்கச் செய்தது. அது தேவைக் கோட்டின் வலப்பக்க நகர்வு. மே மாத இறுதிக்கு ஒரு படமும் ஜூன் மாதத்திற்கு வேறொரு படமும் வரைய வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் திணித்தால் குழப்பமே மிஞ்சும்.

மலேசியாவின் பக்கத்தையும் பாருங்கள், அங்கே இன்னொரு பாடம் இருக்கிறது. சோளம், சோயா ஆகிய தீவன மூலப்பொருள்களின் விலை உயர்ந்திருந்த நேரத்தில் அந்நாட்டில் கோழிக்குக் கிலோ 8.90 ரிங்கிட் என்ற உச்சவரம்பு விலை, அதாவது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற விலை, நடப்பில் இருந்தது. செலவு ஏறி விலை ஏற முடியாமல் இருந்தால் பண்ணையாளர்கள் வளர்ப்பைக் குறைப்பார்கள், பற்றாக்குறை தோன்றும். ஏற்றுமதியைத் தடுத்தால் வெளியே போகவிருந்த கோழி உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பும் என்பதுதான் தடையின் பொருளியல் நியாயம். ஒரு நாட்டின் உச்சவரம்பு விலை அடுத்த நாட்டின் அளிப்புக் கோட்டை நகர்த்தியது என்று கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் தருபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஈசூன் ராணி

இவ்வளவு கோடுகள் எதற்கு? விலை ஏறியதற்கு வியாபாரிகளின் பேராசைதான் காரணம். சந்தர்ப்பம் கிடைத்தது, ஏற்றிவிட்டார்கள். உறைந்த கோழி வேறு நாடுகளிலிருந்து வந்துகொண்டுதானே இருந்தது, அதன் விலையும் ஏன் ஏற வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, வியாபாரிக்குக் கூடுதல் இலாபத்தின்மேல் ஆசை இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஆசை ஏப்ரலிலும் இருந்தது, ஜூனிலும் இருந்தது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறிய ஒன்றை விளக்க முடியாது. ஏப்ரலில் விலையை அவ்வளவு உயர்த்தியிருந்தால் வாங்குவோர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். ஜூனில் அடுத்த கடையிலும் கோழி இல்லை. உறைந்த கோழி புதுக் கோழிக்குப் பதிலீட்டுப் பொருள். ஒன்று கிடைக்காமலோ விலையேறியோ போனால் மற்றொன்றின் தேவைக் கோடு வலப்பக்கம் நகரும். பூமகள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரே நிகழ்ச்சியால் புதுக் கோழிச் சந்தையில் தேவைக் கோட்டின் வழியே ஒரு நகர்வும் உறைந்த கோழிச் சந்தையில் தேவைக் கோட்டின் இடப்பெயர்ச்சியும் நடந்தன.

தேக்கா அண்ணாச்சி

நான் படித்தவன் அல்லன். விருந்துகளுக்கு உணவு சமைத்து வழங்கும் தொழிலில் இருப்பவன். ஆசிரியர் ஐயா சொன்ன கோடுகளைப் படித்தபோது அந்த ஜூன் மாதம் கண்முன் வந்தது. களத்தில் நடந்ததைச் சொன்னால் தங்கச்சிக்குப் பயன்படலாம்.

எங்கள் தொழிலில் தலைக்கு இவ்வளவு என்று விருந்துக்கு முன்பே விலை பேசி முன்பணம் வாங்கிவிடுவோம். கோழி விலை ஏறிவிட்டது என்று கல்யாண வீட்டாரிடம் போய் நிற்க முடியாது. ஆகவே விலையை ஏற்றாமல் புதுக் கோழியை விட்டுவிட்டு உறைந்த கோழிக்கு மாறினோம். பிரியாணிக்கும் மசாலாக் குழம்புக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீங்கவிட வேண்டும், நீர் வடிந்து எடை கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கோழிச் சோறு விற்பவருக்கு நிலைமை வேறு. அவர் வெறுமனே வேகவைத்து வெட்டித் தட்டில் வைக்கிறார். உறைந்த கோழியில் எலும்பை ஒட்டிய சதை கருத்துத் தெரியும். நன்றாக வெந்திருந்தாலும் வேகவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த கடைக்காரர்களில் சிலர் விலையை ஏற்றினார்கள், சிலர் கோழியை நிறுத்திவிட்டு வாத்து விற்றார்கள், ஒருவர் கடையையே சில வாரங்கள் மூடிவிட்டார்.

என் கேள்வி இதுதான்: பற்றாக்குறை வந்தால் விலை ஏறிச் சரிசெய்துவிடும் என்றால், கடைக்காரர் ஏன் விலையை ஏற்றாமல் கடையை மூடினார்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

அண்ணாச்சி, நீங்கள் எழுதியது ஒரு முழு அத்தியாயத்திற்கு ஈடாகும்.

முதலில் நெகிழ்ச்சி. விலை ஒரு விழுக்காடு மாறினால் தேவைப்படும் அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பதே தேவையின் விலை நெகிழ்ச்சி. நெருங்கிய பதிலீட்டுப் பொருள் இருந்தால் நெகிழ்ச்சி அதிகம், இல்லாவிட்டால் குறைவு என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிடும். புதுக் கோழிக்கான உங்கள் தேவை நெகிழ்ச்சி மிக்கது, மசாலா உங்களுக்கு உதவுகிறது. கோழிச் சோற்றுக் கடைக்காரரின் தேவை நெகிழ்ச்சி குறைந்தது, அவருக்கு எலும்போரத்துக் கருமையை மறைக்க வழியில்லை. பூமகள், "கோழியின் நெகிழ்ச்சி" என்று பொதுவாக எழுதாதீர்கள். யாருடைய தேவை, எந்தப் பயனுக்கு, எவ்வளவு காலத்திற்குள் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். காலம் முக்கியம். முதல் வாரத்தில் வழி தெரியாமல் நின்றவர்களும் சில வாரங்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அளிப்பின் பக்கமும் அப்படியே: 2021இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது, தடைக்குப் பின் ஜூன் மாத இறுதியில் இந்தோனேசியாவிலிருந்து கோழி வரவழைக்க ஒப்புதல் வழங்கப்பட்டது, அக்டோபரில் மலேசியாவின் தடையும் நீங்கியது. குறுகிய காலத்தில் நிமிர்ந்து நிற்கும் அளிப்புக் கோடு காலம் செல்லச் செல்லச் சாய்வது இப்படித்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேவைப்படும் அளவும் விற்பனைக்கு வரும் அளவும் சமமாகும் சமநிலை விலை, விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லும். எவ்வளவு விரைவில் போகும் என்று சொல்லாது. முன்பே பேசிய விலை உங்களைக் கட்டிப்போட்டது. கடைக்காரரை வாடிக்கையாளரின் முகம் கட்டிப்போட்டது. தட்டின் விலையைச் சில மாதங்களுக்கு மட்டும் ஏற்றிப் பிறகு இறக்கினால், ஏற்றியதைத்தான் மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். மூடியிருக்கும் நாள்களின் இலாபத்தை இழப்பது அவர் கொடுத்த வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கைவிடுவது. வாடிக்கையாளரை நிலையாக இழப்பதைவிட அது சிறியது என்று தீர்மானித்திருக்கிறார். விலை நகர மறுத்தால் பற்றாக்குறை தீராது. அப்போது வரிசையும், "இன்று கோழி இல்லை" என்ற அட்டையும்தான் இருப்பதைப் பங்கிடும். ஒன்றை மட்டும் வேறுபடுத்திக்கொள்ளுங்கள்: பற்றாக்குறை ஒரு குறிப்பிட்ட விலையில் மட்டுமே தோன்றுவது, விலை ஏறினால் மறைவது. வளங்களின் அருமை, அதாவது எல்லா விருப்பங்களுக்கும் போதாத அளவே இருப்பது, எந்த விலையிலும் மறையாது. கோழி வரத்து சீரான பிறகும் அது அருமை உள்ள பொருளாகவே இருக்கும், ஏனெனில் அதற்குத் தீவனமும் நிலமும் உழைப்பும் வேண்டும்.

சாலைக்கணக்கன்

வாகன உரிமைச் சான்றிதழைப் பற்றிய இரண்டாம் கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். தேவைக் கோட்டைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் சிங்கப்பூரில் இல்லை என்பது என் கருத்து.

1990 மே மாதம் தொடங்கிய முறை இது. இப்போது பொதுவாக மாதத்தில் இருமுறை, திங்கள் நண்பகல் தொடங்கி புதன் மாலை வரை ஏலம் திறந்திருக்கும். ஒவ்வொருவரும் தாம் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்பதைக் குறிப்பிடுகிறார்கள். சான்றிதழ்களின் எண்ணிக்கை முன்பே நிர்ணயிக்கப்பட்டது; விலை எவ்வளவு ஏறினாலும் அந்த ஏலத்தில் ஒன்றுகூட அதிகமாகாது. ஆகவே அளிப்புக் கோடு செங்குத்தானது. வென்றவர்கள் அனைவரும் ஒரே விலையைச் செலுத்துகிறார்கள். தோற்றவர்களில் மிக உயர்ந்த தொகையைக் குறிப்பிட்டவரின் தொகையுடன் ஒரு வெள்ளியைச் சேர்த்தால் அந்த விலை கிடைக்கும்.

சிறிய கற்பனைக் கணக்கு ஒன்று. இரண்டு சான்றிதழ்கள், ஐந்து பேர். அவர்கள் குறிப்பிட்ட தொகைகள் 90,000, 80,000, 70,000, 60,000, 50,000 வெள்ளி. முதல் இருவர் வெல்கிறார்கள், இருவரும் 70,001 வெள்ளி செலுத்துகிறார்கள். அந்த ஐந்து தொகைகளையும் இறங்குவரிசையில் அடுக்கினால் அதுவே தேவைக் கோடு. கோழிச் சந்தையில் வாங்குவோரின் மனத்துக்குள் இருக்கும் அட்டவணை இங்கே எழுத்திலேயே கிடைக்கிறது.

இப்போது உங்கள் ஐயம். விண்ணப்பித்தோர் எண்ணிக்கை தேவைப்படும் அளவு அன்று. ஐந்து பேர் விண்ணப்பித்தாலும் 70,001 வெள்ளியில் வாங்கத் தயாராக இருப்பவர்கள் இருவரே. அடுத்த ஏலத்தில் 85,000 வெள்ளி தரத் தயாரான இன்னும் மூவர் சேர்ந்தால் விண்ணப்பம் எட்டாகும், விலை 85,001 வெள்ளிக்குச் சென்றிருக்கும். 90,000 குறிப்பிட்டவர் நிச்சயம் வெல்வார். 85,000 குறிப்பிட்ட மூவரில் ஒருவர் தம் தொகையைச் சற்று உயர்த்தினால்தான் இரண்டாமவர் ஆவார். விலையும் ஏறியது, ஆளும் கூடினார்கள். தேவை விதி எங்கேயும் உடையவில்லை, தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. இரண்டு ஏலங்களின் முடிவுகளை இரண்டு புள்ளிகளாக வைத்து இணைத்து "இதுதான் தேவைக் கோடு" என்று சொல்வது பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி நடப்பது. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைக் கோடு செங்குத்துக் கோட்டை வெட்டிய இடங்கள்.

எவ்வளவு நகர முடியும் என்பதற்கு வரலாறே சான்று. 2008 நவம்பரில், உலக நிதி நெருக்கடியின்போது, சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்கு விற்றது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. முதலாவதில் தேவை சரிந்திருந்தது, சான்றிதழ்களும் தாராளமாக இருந்தன. இரண்டாவதில் இரண்டும் நேரெதிர்: 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கைக்கான வளர்ச்சி விகிதம் சுழியமாக இருந்ததால் பழைய கார்கள் பதிவு நீங்கினால்தான் புதிய சான்றிதழ்கள் வந்தன, பத்தாண்டுக்கு முன் குறைவாக வழங்கப்பட்ட காலத்தின் கார்களே அப்போது பதிவு நீங்க வேண்டியிருந்தன.

பூமகள்

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. அம்மாவும் படித்தார், விலையேற்றத்தை நிறுத்துவதே வாங்குவோர் விலகுவதுதான் என்ற இடம் அவருக்குத் தெளிவாகிவிட்டது.

சாலைக்கணக்கன் அண்ணன், ஒரு கேள்வி. காரின் பதிவுக் கட்டணத்தை எல்லாருக்கும் 10,000 வெள்ளி உயர்த்தினால் கார் வாங்கும் செலவு 10,000 வெள்ளி கூடிவிடுமா?

சாலைக்கணக்கன்

கூடாது, நீங்கள் கேட்டபடி எல்லாருக்கும் ஒரே அளவு உயர்ந்து, சான்றிதழ்களின் எண்ணிக்கை மாறாதிருந்தால். கார்மேல் மொத்தம் இவ்வளவுதான் செலவிடுவேன் என்று தீர்மானித்தவர் கட்டணத்திற்குப் போகும் 10,000 வெள்ளியைச் சான்றிதழுக்குக் குறிப்பிடும் தொகையிலிருந்து கழித்துக்கொள்வார். ஐவரும் அப்படிக் கழித்தால் என் கணக்கில் விலை 60,001 வெள்ளி ஆகும். மொத்தச் செலவு பழையபடியே. அளிப்பு சற்றும் நெகிழாத சந்தையில் வரியின் சுமை முழுவதும் அளிப்போரின் பக்கம் விழும்; இங்கே அளிப்பவர் அரசாங்கம், ஆகவே ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகிறது. மின்சாரக் கார்களுக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தால் கணக்கு மாறும். அவர்கள் உயர்த்திக் குறிப்பிட, பெட்ரோல் கார் வாங்க நினைத்தவர்களில் சிலர் வெளியேறுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

நன்றாகச் சொன்னீர்கள். பூமகள், ஒரு பயிற்சி. 2022 மே மாதம் முதல் மின்சாரக் கார்கள் ஏ பிரிவில் சேர்வதற்கான ஆற்றல் வரம்பு 97 கிலோவாட்டிலிருந்து 110 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டது. ஏ பிரிவிலும், அதைவிடப் பெரிய கார்களுக்கான பி பிரிவிலும் என்ன நேரும்?

பூமகள்

முன்பு பி பிரிவில் ஏலம் கேட்க வேண்டியிருந்த சில மின்சாரக் கார்களுக்கு இனி ஏ பிரிவில் கேட்கலாம். ஆகவே ஏ பிரிவின் தேவைக் கோடு வலப்பக்கமும் பி பிரிவின் தேவைக் கோடு இடப்பக்கமும் நகரும். இரண்டிலும் அளிப்பு செங்குத்து. ஏ பிரிவின் விலை ஏறியது, பி பிரிவின் விலை இறங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

கோடுகளின் நகர்வு சரி. கடைசி வாக்கியத்தில் "ஏறியது, இறங்கியது" என்று நடந்ததைப் போல எழுதியிருக்கிறீர்கள். "மற்றவை மாறாதிருப்பின் ஏறும், இறங்கும்" என்பதே உங்கள் படம் சொல்வது. நடந்தது வேறு: அந்த ஆண்டில் இரு பிரிவுகளின் விலையும் ஏறின, ஏனெனில் சான்றிதழ்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது, அதாவது செங்குத்துக் கோடும் இடப்பக்கம் நகர்ந்தது. பி பிரிவைப் போலத் தேவை, அளிப்பு இரண்டும் இடப்பக்கம் நகர்ந்தால் விற்கும் அளவு குறையும் என்று உறுதியாகச் சொல்லலாம், விலை எந்தப் பக்கம் போகும் என்பது எது அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. பி பிரிவைப் பற்றி, "வரம்பு மாறாமல் இருந்திருந்தால் ஏறியிருக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே விலை ஏறியிருக்கும்" என்று திருத்தி எழுதுங்கள்.